பொரித்த குஞ்சின் தூவி விரியாமல் இருந்தால் காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளில் சில மட்டும் மற்றவை போல உப்பிப் புசுபுசுவென்று ஆகவில்லை. கழுத்திலும் பின்புறத்திலும் தூவி (பொரித்த குஞ்சின் மேலிருக்கும் பஞ்சு போன்ற மெல்லிறகு) முடிச்சு முடிச்சாக, விறைப்பாக நிற்கிறது. ஒரு குஞ்சுக்குக் கழுத்தில் தூவியே இல்லை. இது நோயா? மற்றக் குஞ்சுகளுக்குப் பரவுமா? இதே கோழிகளிடமிருந்து மறுபடி முட்டை எடுத்து அடை வைக்கலாமா?

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் சொல்லும் இந்த மாதிரிக் கோளாறு குஞ்சுக்குக் குஞ்சு ஒட்டுவதில்லை. அந்தத் தூவி முழுவதும் ஓட்டுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிட்டது. ஆகவே காரணமும் அங்கேயோ அதற்கு முன்னாலோதான் இருக்கிறது: பெட்டை தின்ற தீவனம், அடைக்காலத்து வெப்பமும் ஈரப்பதமும், அல்லது தாய் தகப்பன் வழியாக வந்த ஜீன். இந்த மூன்றில் எதனாலும் பார்வைக்கு ஒரே மாதிரியான குஞ்சு வரலாம். ஆனால் செய்ய வேண்டியது மூன்றுக்கும் வேறு வேறு. அதனால் குடிநீரில் வைட்டமின் கலக்குவதற்கு முன்னால் எது என்று பிரித்துப் பாருங்கள்.

அதற்குத் தூவி எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கோழி முட்டைக்கு அடைக்காலம் 21 நாள். ஏறக்குறைய ஏழாம் நாளில் கருவின் முதுகுத் தோலில் நடுக்கோட்டை ஒட்டிச் சிறு புள்ளிகள் வரிசையாகக் கிளம்பும். அங்கிருந்து இரண்டு பக்கமும் பரவும். இரண்டாவது வாரம் முடியும்போது உடல் முழுக்கத் தூவி வந்திருக்கும். ஆனால் அது விரிந்த தூவி அல்ல. ஒவ்வொன்றும் மெல்லிய உறைக்குள், மடக்கிய குடை போலச் சுருண்டு நனைந்து கிடக்கும். குஞ்சு வெளியே வந்து உலரும்போதுதான் உறை வெடித்துத் தூளாக உதிர்ந்து, உள்ளே இருக்கும் இழைகள் பிரிகின்றன. பொரிப்பு முடிந்தபின் இன்குபேட்டர் அடியில் கிடக்கும் வெளிர் மஞ்சள் தூளில் பெரும்பகுதி இந்த உறைதான். குஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதும் உறை உதிர உதவுகிறது. தனியாகப் பொரித்த ஒற்றைக் குஞ்சு உப்புவதற்கு நேரம் எடுத்தால் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம், இது பின்னால் ரொம்பப் பயன்படும்: தூவி முளைத்த அதே நுண்குழியிலிருந்துதான் அடுத்து உண்மையான இறகும் வருகிறது. புது இறகு தூவியைத் தன் நுனியில் ஏந்திக்கொண்டே வெளியே வரும். சில வாரம் ஆன குஞ்சின் இறகு நுனியில் தூவி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே முட்டையில் சத்துக் குறைந்ததால் தூவி கெட்டிருந்தால், குஞ்சு நல்ல தீவனம் தின்று வளர்க்கும் அடுத்த இறகு ஒழுங்காக வரும். நுண்குழியை உருவாக்கும் ஜீனிலேயே பிழை என்றால் அடுத்த இறகும் குறையோடுதான் வரும், அல்லது வராமலே போகும்.

இப்போது குஞ்சைக் கையில் எடுங்கள். பொரித்து 24 மணி நேரம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முடிச்சு இருக்கும் இடத்தை மெதுவாக ஒற்றி, உடனே சூட்டில் உலர்த்துங்கள். முடிச்சு கரைந்து தூவி உப்பினால் அது வெள்ளைக்கருவின் பசை. தூவியில் ஒரு கோளாறும் இல்லை, அடைக்காலத்தில்தான் பிசகு. ஒற்றிய பிறகும் அப்படியே இருந்தால் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். தூவி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று, நுனி உறைக்குள் அடைபட்டு, உள்ளேயே சுருண்டு குண்டாகத் தெரிகிறதா? அப்படியானால் உறை வெடிக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பசையில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதுதான் அதிகம் நடப்பது. வளரும் கரு தன்னைச் சுற்றியுள்ள சவ்வு வழியாக வெள்ளைக்கருவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, கடைசியில் முழுவதையும் தீர்க்க வேண்டும். முட்டையைச் சரியாகத் திருப்பாவிட்டால் அந்தச் சவ்வு முழுதாகப் படராது. வெள்ளைக்கரு மிச்சமாகிவிடும். ஈரப்பதம் தொடர்ந்து அதிகமாக இருந்தாலும், வெப்பம் குறைவாக இருந்தாலும் மிச்சம் நிற்கும். பொரிக்கும் நேரத்தில் அந்த மிச்சம் தூவி மேல் அப்பி உலர்ந்து, பசை தடவியது போல் ஆகிவிடும். சரிபார்க்க எளிய வழி எடை. 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 60 கிராம் முட்டை என்றால் ஏழெட்டுக் கிராம். இழப்பு இதைவிட மிகக் குறைவாக இருந்தால் ஈரப்பதத்தைக் குறையுங்கள். மாறாக, கடைசி மூன்று நாளில் காற்று வறண்டிருந்தால் வேறு விதமான குஞ்சு வரும்: ஓட்டுத் துண்டும் சவ்வும் தூவியோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் கூட வரும். ஈரத் துணியால் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அடைக்காலம் முழுக்க வெப்பம் கூடுதலாக இருந்தால் குஞ்சு சீக்கிரமே பொரித்து, தூவி குட்டையாக, மெலிந்து தெரியும்.

இனி உறை வெடிக்காத தூவி. நீங்கள் எழுதிய அடையாளம், அதாவது கழுத்திலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் முடிச்சு என்பது, நேராக ரிபோஃபிளேவினைக் காட்டுகிறது. பி2 வைட்டமின். தாய்க்கோழியின் தீவனத்தில் இது குறைந்தால் முட்டையிலும் குறையும். கருவில் தூவி வளரும், ஆனால் உறையைக் கிழித்துக்கொண்டு வராது. உள்ளேயே சுருண்டு நுனி தடித்துவிடும். கறுப்புத் தூவி உள்ள குஞ்சுகளில் இது பளிச்சென்று கண்ணில் படும். வெளிர் மஞ்சள் குஞ்சில் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் ஒரே கூட்டத்தில் கறுப்புக் குஞ்சுக்கு மட்டும் கோளாறு என்று தோன்றினால், உடனே அந்த வம்சத்தைச் சந்தேகிக்காமல் மஞ்சள் குஞ்சுகளையும் லென்ஸில் பாருங்கள்.

இதற்குச் சாட்சி பொரிக்காத முட்டைகளில் இருக்கிறது. நிறையப் பேர் அவற்றை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் பொரித்த குஞ்சு சொல்லாததை அவை சொல்லும். உடைத்துப் பாருங்கள். குள்ளமான கரு, நீர் கோத்து வீங்கிய உடல், அதே முடிச்சுத் தூவி என்று இருந்தால் ரிபோஃபிளேவின் குறைவு ஏறக்குறைய உறுதி. கருக்கள் எந்த நாளில் இறந்தன என்பதும் முக்கியம். குறைவு கடுமையாக இருந்தால் முதல் வாரத்திலேயே இறக்கும், நடுத்தரமாக இருந்தால் இரண்டாவது வாரத்தில், லேசாக இருந்தால் பொரிக்கும் தறுவாயில். அதாவது உங்கள் கையில் இருக்கும் முடிச்சுத் தூவிக் குஞ்சு அந்த வரிசையில் தப்பிப் பிழைத்தது.

பெட்டைகள் நன்றாக முட்டையிடுகின்றனவே, சத்து எப்படிக் குறையும் என்று கேட்கலாம். முட்டையிடத் தேவையான அளவும் குஞ்சு பொரிக்கத் தேவையான அளவும் ஒன்றல்ல. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் வெளியிட்ட அட்டவணையில், முட்டைக்காக மட்டும் வளர்க்கும் கோழிக்குத் தீவனம் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் ரிபோஃபிளேவின் போதும். குஞ்சு எடுக்கும் கோழிக்கு 3.6 மில்லிகிராம். லேயர் தீவனத்தில் (முட்டைக்கோழிகளுக்கான தீவனம்) தானியத்தை வேறு கலந்து போட்டால் இன்னும் குறையும். தானியங்களில் இந்தச் சத்து குறைவு. போதாததற்கு வெளிச்சம் இதை அழிக்கும். திறந்த மூட்டையில், வெயில் படும் இடத்தில் நாட்கணக்கில் கிடந்த தீவனத்தின் பையில் அச்சடித்த அளவை நம்ப முடியாது. கீரை, புல், பால் பொருட்கள், ஈஸ்ட், ஈரல் ஆகியவற்றில் ரிபோஃபிளேவின் தாராளம். திரிந்து மேயும் கோழிகளில் இந்தக் கோளாறு அபூர்வமாக இருப்பதற்கும், அடைத்து வைத்துத் தானியம் மட்டும் போடும் கூட்டங்களில் தலைகாட்டுவதற்கும் இதுதான் காரணம்.

நல்ல செய்தி, இது சீக்கிரம் திரும்பும். ரிபோஃபிளேவின் குறைந்த தீவனத்தால் இரண்டு வாரத்துக்குள் பொரிப்பு விழும். அதே போலத் தீவனத்தைச் சரிசெய்ததும் முட்டையில் சத்து விரைவாக ஏறும். பிரீடர் தீவனத்துக்கு (குஞ்சு எடுக்கும் கோழிகளுக்கான தீவனம்) மாறி, இரண்டு வாரம் போனபின் சேர்க்கும் முட்டையை அடை வையுங்கள். முடிச்சுத் தூவி மறைந்தால் காரணம் அதுதான் என்று நிரூபணம் ஆகிவிட்டது.

இப்போது பொரித்திருக்கும் குஞ்சுகளின் கால் விரல்களைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அதே குறைவு குஞ்சின் தீவனத்திலும் தொடர்ந்தால் விரல்கள் உள்பக்கம் மடங்கி, குஞ்சு கணுக்காலை ஊன்றி நகரத் தொடங்கும். கால் நரம்பு வீங்குவதால் வருவது இது. தொடக்கத்திலேயே ஒரு குஞ்சுக்கு 100 மைக்ரோகிராம் ரிபோஃபிளேவின் வீதம் அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுத்து, பிறகு தரமான தீவனம் போட்டால் தேறும். நாளாகிவிட்டால் நரம்பின் சேதம் நிரந்தரம். இங்கேதான் வைட்டமின் குஞ்சுக்கு உதவுகிறது. கெட்டுப்போன தூவியை அது திருத்தாது, ஏனென்றால் முளைத்து முடிந்த தூவி உயிரற்ற பொருள்.

ரிபோஃபிளேவின் தவிர மற்றச் சத்துகளும் உண்டு, ஆனால் அவை தூவியில் மட்டும் நிற்பதில்லை. துத்தநாகம் குறைந்தால் தூவி கெடுவதோடு கை கால் எலும்பும் குறையாக இருக்கும். மாங்கனீசு குறைந்தால் குட்டைக் கால், கிளி மூக்குப் போல் வளைந்த அலகு. பயோட்டின் குறைந்தாலும் அலகு வளையும், விரல்களுக்கு நடுவே சவ்வு கூடும். பாண்டோதெனிக் அமிலம் குறைந்தால் பொரிக்காத கருவின் தோலடியில் இரத்தக் கசிவு தெரியும். ஆக, தூவி மட்டும் கெட்டு உடல் ஒழுங்காக இருந்தால் பி2-வைத் தேடுங்கள். எலும்பும் அலகும் சேர்ந்து கெட்டிருந்தால் தீவனக் கலவை முழுவதையும் சந்தேகப்படுங்கள்.

ஜீன் விஷயத்துக்கு வருவோம். உங்கள் வெறுங்கழுத்துக் குஞ்சு பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேரும், முடிச்சுத் தூவியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. கழுத்து மொட்டையாக இருக்கும் கோழி இனங்களில் ஓங்கு தன்மையுள்ள, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், ஒரு ஜீன் உண்டு. ஒரு பிரதி இருந்தால் கழுத்தின் முன்பக்கம் கீழே ஒரு சிறு கொத்துத் தூவி நிற்கும். இரண்டு பிரதி இருந்தால் அதுவும் அநேகமாக இருக்காது. பொரித்த அன்றே இதைப் பார்க்கலாம். இது குறையே அல்ல, இத்தகைய கோழிகள் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஓங்கு ஜீன் என்பதால் பெற்றோரில் ஒன்றுக்காவது மொட்டைக் கழுத்து இருந்தாக வேண்டும். உங்கள் சேவலுக்கும் பெட்டைக்கும் அப்படி இல்லையென்றால், அந்தப் பெட்டை இதற்கு முன் வேறு சேவலோடு இருந்ததா என்று யோசியுங்கள். கோழியின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். பெட்டையை வாங்கி வந்த புதிதில் எடுத்த முட்டைக்குத் தகப்பன் உங்கள் சேவலாக இல்லாமல் இருக்கலாம்.

உடம்பு முழுக்க வெறுமையாகப் பொரிக்கும் குஞ்சு வேறு கதை. 1954-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நியூ ஹாம்ப்ஷயர் இனக் குஞ்சுகளில் இப்படி ஒன்று தென்பட்டது. தூவி ஏறக்குறைய இல்லை, காலில் செதிலும் இல்லை. எஃப்ஜிஎஃப்20 என்ற ஜீனில் வந்த பிழைதான் காரணம் என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். தூவியும் செதிலும் முளைக்கத் தோலுக்குள் போகும் முதல் சமிக்ஞை அந்த ஜீனிலிருந்து வருகிறது. அது இல்லாவிட்டால் இரண்டுமே தொடங்காது. ஆகவே வெறுமையாக ஒரு குஞ்சு பொரித்தால் முதலில் காலைப் பாருங்கள். செதில் ஒழுங்காக இருந்தால் இந்த ஜீன் அல்ல. பாலினக் குரோமோசோமில் இருக்கும் ஒரு ஒடுங்கு ஜீனும் (நல்ல பிரதி ஒன்று கூட இருந்தால் வெளியே தெரியாமல் மறைந்துவிடும் ஜீன்) குஞ்சைத் தூவியில்லாமல் ஆக்கும். பெட்டைக்கு அந்தக் குரோமோசோமில் ஒரே பிரதி என்பதால், சேவல் மறைவாகக் கடத்தினால் மகள்களில் பாதிக்கு மட்டும் தெரியும். மகன்கள் எல்லாம் நன்றாக இருப்பார்கள். உறை வெடிக்காத தூவியும் சில சமயம் ஜீனால் வருவதுண்டு. ஜப்பானியக் காடையிலும் புறாவிலும் முள்ளம்பன்றி என்ற பெயரால் குறிக்கப்படும் ஒரு பிறழ்வில் இறகுகள் வளர்ந்த பிறகும் உறைக்குள்ளேயே நிற்கும்.

ரிபோஃபிளேவினிலேயே ஒரு ஜீன் பிழை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சத்தை இரத்தத்திலிருந்து முட்டைக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு தனிப் புரதம். ஒயிட் லெகார்ன் வம்சம் ஒன்றில் அந்தப் புரதமே இல்லாத பெட்டைகள் கண்டறியப்பட்டன. அவை எவ்வளவு நல்ல தீவனம் தின்றாலும் முட்டையில் ரிபோஃபிளேவின் ஏறாது. கருக்கள் 13-ஆம் நாள் வாக்கில் இறந்துவிடும். அந்த முட்டைக்குள் ரிபோஃபிளேவினை ஊசியால் செலுத்தினால் குஞ்சு பிழைக்கிறது! தீவனத்தை மாற்றியும் ஒரே ஒரு பெட்டையின் முட்டைகள் மட்டும் தொடர்ந்து பாதியில் இறந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஜீனா தீவனமா என்று பிரிக்க வழி, முட்டையில் பெட்டையின் அடையாளத்தைப் பென்சிலால் குறித்து வைப்பதுதான். எல்லாப் பெட்டைகளின் குஞ்சுகளிலும் சிதறி வந்தால் தீவனம் அல்லது இன்குபேட்டர். ஒரே ஜோடியின் குஞ்சுகளில் மட்டும், பொரிப்புக்குப் பொரிப்பு சுமார் நாலில் ஒன்றாக வந்தால் ஒடுங்கு ஜீன். ஒரு பொரிப்பில் வந்த எண்ணிக்கையை வைத்து நாலில் ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள், பல பொரிப்புகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அண்ணன் தங்கையையோ தகப்பன் மகளையோ ஜோடி சேர்த்திருந்தால் சந்தேகம் கூடும். சொந்தமில்லாத சேவலை மாற்றிப் பாருங்கள், ஒடுங்கு ஜீன் என்றால் அந்தப் பொரிப்பில் குறை தெரியாது. ஆனால் பெட்டை அதைச் சுமந்துகொண்டேதான் இருக்கும்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் அதிகம். தூவி உடலில் பட்டை பட்டையாகத்தான் முளைக்கும். வயிற்றிலும் இறக்கைக்கு அடியிலும் வெறும் தோல் தெரிவது இயல்பு. காலில் தூவி உள்ள குஞ்சு, கன்னம் உப்பிய குஞ்சு, தலையில் குடுமித் தூவியோடு வரும் குஞ்சு எல்லாம் அந்தந்த இனத்தின் அமைப்பு. குடுமி இனங்களில் மண்டை ஓடு மேடாக, சில சமயம் முழுதாக மூடாமல் இருக்கும், அதனால் தலையில் கொத்துப் படாமல் காக்க வேண்டும். சில்க்கி இனத்தின் தனித்தன்மை, அதாவது இழைகளைக் கோக்கும் நுண்கொக்கிகள் இல்லாத பட்டு போன்ற இறகு, பொரித்த அன்று தெரியாது, ஏனென்றால் எல்லாக் குஞ்சின் தூவியும் கொக்கியில்லாத இழைதான். இறகு வெளிப்பக்கம் சுருளும் ஃப்ரிசில் கோழியும் அப்படியே, இறக்கை முளைக்கும்போதுதான் சுருள் காட்டும். பிறந்த அன்று தூவி சுருண்டிருந்தால் அதை ஃப்ரிசில் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தூவி வழக்கத்தைவிட அடர்ந்த மஞ்சளாக இருந்தால், பொரிக்கும் பெட்டியில் கிருமி நீக்க ஃபார்மலின் புகை போட்டிருக்கலாம். அது தூவிக்குச் சாயம் ஏற்றும்.

குஞ்சுகளைக் காப்பாற்றுவதைப் பொறுத்தவரை எதிரி குளிர்தான். விரியாத தூவி காற்றைப் பிடித்து வைக்காது, அதனால் சூடு தங்காது. முதல் வாரம் புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் கூண்டு) 35 டிகிரி செல்சியஸ் வைத்து, வாரம் மூன்று டிகிரி குறைக்கும் வழக்கத்தை இவற்றுக்குத் தளர்த்துங்கள். இறகு முளைப்பதைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். எண்ணெய், மஞ்சள் எதையும் தூவியில் தடவாதீர்கள், இருக்கும் கொஞ்சமும் ஒட்டிப்போகும். உறையை விரலால் கிள்ளி உடைக்கவும் வேண்டாம். முடிச்சைக் கண்டால் மற்றக் குஞ்சுகள் கொத்தும். கொத்து விழுந்தால் கம்பி வலைக்கு மறுபுறம், மற்றவை கண்ணில் படும்படி, இதே போன்ற இன்னொரு குஞ்சோடு சேர்த்து வையுங்கள்.

அதே கோழிகளிடமிருந்து முட்டை எடுக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: எடுக்கலாம், ஆனால் உடனே வேண்டாம். தீவனத்தை மாற்றி, இரண்டு வாரம் விட்டு, குறியிட்ட முட்டைகளை அடை வையுங்கள். இப்போதிருக்கும் முடிச்சுத் தூவிக் குஞ்சுகளை வளர்த்து, ஐந்தாறு வாரத்தில் முளைக்கும் இறகைப் பாருங்கள். ஒழுங்காக வந்திருந்தால் அவற்றையும் பிற்காலத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். இறகும் உறைக்குள்ளேயே நின்றால் அந்தக் குஞ்சிடமிருந்தும், அதன் பெற்றோர் ஜோடியிடமிருந்தும் இனி முட்டை எடுக்காதீர்கள்.